சூ ஃபால்ஸிலிருந்து பேட்லேண்ட்ஸ் வரை: ஆர்வியில் ஒரு நீண்ட பகல்

அமெரிக்காவில் முதன்முறையாக ஆர்வி, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி, வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மலைப்பாதையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். தெற்கு டகோட்டா வழியாகப் போகிறோம் என்றதும், "அது சமவெளிதானே, நேர் ரோடு" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த மாநிலத்தை ஐ-90 நெடுஞ்சாலையில் நாலு முறை ஆர்வி ஓட்டிக் கடந்திருக்கிறேன். மலையைவிட அந்த நேர் ரோடுதான் என்னிடம் அதிகக் கவனம் கேட்டது. காரணம் காற்று. மறைக்க மரமில்லை, மேடில்லை. அந்த வெட்டவெளியில் பதினோரு அடி உயரப் பெட்டி ஒன்றை நாள் முழுக்க ஓட்டிப் போகிறோம். எத்தனை மைல் என்று பார்ப்பதற்கு முன் காற்று எப்படி என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால், மற்றதெல்லாம் தானாகப் படிந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சூ ஃபால்ஸ் நகரத்திலிருந்து பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா வரையிலான ஒரு பகல். வண்டி, ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சி வகை ஆர்வி. 25 முதல் 30 அடி நீளம். வாடகைக்கு அதிகம் கிடைப்பது அதுதான்.

முதலில் தூரக் கணக்கு. ஐ-90இல் எக்ஸிட் (நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வழி) எண்கள் மேற்கே வயோமிங் எல்லையிலிருந்து மைல் கணக்கில் தொடங்குகின்றன. அதனால் மேற்கு நோக்கிப் போகும்போது எண் குறைந்துகொண்டே வரும், கழித்துப் பார்த்தாலே மிச்ச தூரம் தெரிந்துவிடும். சூ ஃபால்ஸ் பக்கம் 396, மிட்செல் 332, சேம்பர்லெயின் 263, மர்டோ 192, கடோகா 150, பேட்லேண்ட்ஸுக்குத் திரும்பும் இடம் 131. ஆக நெடுஞ்சாலையில் 265 மைல், உள்ளே இன்னும் கிட்டத்தட்ட பத்து மைல். போன் வரைபடம் இதை நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் காட்டும். அது 80 மைல் வேகத்தில் போகும் காருக்கான கணக்கு. நீங்கள் ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை எடுத்த அன்றே இந்தத் தூரத்தைத் தொட வேண்டாம். வண்டியை வாடகைக்குக் கொடுப்பவர் ஒவ்வொரு பொத்தானையும் விளக்கி முடிக்கவே பிற்பகல் ஆகிவிடும். முதல் இரவு சூ ஃபால்ஸ் பக்கத்தில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்புவதுதான் சரி.

முந்தைய மாலை

டயரிலிருந்து ஆரம்பியுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன் டயருக்கு எவ்வளவு காற்று, பின் டயருக்கு எவ்வளவு என்று இருக்கும். அந்த அளவு குளிர்ந்த டயருக்கானது, அதனால் காலையில் வண்டி நகர்வதற்கு முன் பாருங்கள். பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர் என்பதால் உள் டயரின் வால்வைக் கை விட்டுத் தேட வேண்டியிருக்கும். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். டயரின் வயதையும் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஆர்வி டயர் பெரும்பாலும் தேய்ந்து போவதில்லை, வயதாகித்தான் கெடுகிறது. ஏழு வருடம் தாண்டியிருந்தால் வாடகைக்குக் கொடுப்பவரிடம் வேறு வண்டி கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்பாதீர்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் என்றால் 150 கிலோ. ஆனால் காலியாகவும் போகக் கூடாது. பூங்காவுக்குள் இருக்கும் சீடர் பாஸ் முகாமில் மின் இணைப்புள்ள இடங்கள் உண்டு, ஒவ்வோர் இடத்துக்கும் தனித் தண்ணீர்க் குழாய் கிடையாது. பாதித் தொட்டி போதும். கழிவுத் தொட்டிகள் இரண்டையும் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

சமையல் சாமான் அடுக்கும்போது கனமானதெல்லாம் கீழே. குக்கர், அரிசி, எண்ணெய் டப்பா, இட்லிப் பாத்திரம் எல்லாம் தரையோடு ஒட்டிய அலமாரியில் போகட்டும். மேல் அலமாரியில் துண்டு, பிஸ்கட், அப்பளம் மாதிரி இலேசானவை. வழியில் சமைக்கத் தேவையில்லாதபடி காலையிலேயே புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் மதியம் நிம்மதி. ஃபிரிட்ஜ் புரொப்பேனில் ஓடும் வகையென்றால், ஓடும்போது நான் எரிவாயு வால்வை மூடிவிடுவேன். இரவு முழுக்கக் குளிர்ந்த ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலைந்து மணி நேரம் தாங்கும், தயிர் புளிக்காது. மூடாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் பெட்ரோல் பங்க்குக்குள் நுழைவதற்கு முன் மூடியே ஆக வேண்டும்.

காற்று

இரவு படுக்கும் முன் தேசிய வானிலைச் சேவையின் முன்னறிவிப்பைப் பாருங்கள். மழை இருக்கிறதா என்பதைவிட, காற்று எந்தத் திசை, வீச்சு (திடீரென்று எகிறும் வேகம்) எவ்வளவு என்பதுதான் முக்கியம். விடாமல் மணிக்கு 30 மைலுக்கு மேல் வீசும் அல்லது வீச்சு 45 மைலைத் தொடும் என்றால் காற்று அறிவுரை தருவார்கள். விடாமல் 40, வீச்சு 58 என்றால் அது பலத்த காற்று எச்சரிக்கை. எச்சரிக்கை இருக்கும் நாளில் நகரவே கூடாது. அறிவுரை இருக்கும் நாளில் பழகியவர்கள் ஓட்டலாம், முதல் பயணம் என்றால் நீங்கள் ஓட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் வரம்பு வீச்சு 40 மைல். அதைத் தாண்டினால் ஒரு நாள் தங்கிவிடுவேன், முன்பதிவுப் பணம் போனாலும் சரி.

அதற்குக் கீழே உள்ள காற்றிலும் திசை முக்கியம். மேற்கே போகிற உங்களுக்கு மேற்குக் காற்று எதிர்க்காற்று. வண்டி ஆடாது, பெட்ரோலைக் குடிக்கும். கேலனுக்கு 9 மைல் தந்த வண்டி 7க்கு இறங்கிவிடும். வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வீசினால்தான் தொல்லை, அது பக்கவாட்டுக் காற்று.

தெற்குக் காற்றில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக ஓட்டுகிறவர்கள் நடுங்கிப்போவது இங்கேதான். காற்று உங்கள் இடப்பக்கத்தில் அடிக்கிறது. வண்டி வலப்பக்கம் நகராமல் இருக்க, உங்களை அறியாமலே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது இடது தடத்தில் ஒரு பெரிய லாரி உங்களைத் தாண்ட வருகிறது. முதலில் அதன் மூக்கு தள்ளும் காற்று உங்களை வலப்பக்கம் ஓர் உந்து உந்தும். அடுத்த நொடி லாரியின் நீளமான பெட்டி சுவர் மாதிரி நின்று தெற்குக் காற்றை மறைத்துவிடும். உங்கள் கை இன்னும் இடப்பக்கம்தான் பிடித்திருக்கிறது, எதிர்த்துத் தள்ளக் காற்று இல்லை. வண்டி லாரியை நோக்கிச் சாயும். பதறி வலப்பக்கம் திருப்பினால், அதே கணம் லாரி கடந்துபோய்க் காற்று மறுபடி அடிக்கும். இரண்டும் சேர்ந்து வண்டியைச் சாலை ஓரத்துக்குத் தள்ளும்.

இதற்கு மருந்து, முன்கூட்டித் தெரிந்திருப்பதுதான். கண்ணாடியில் லாரி வருவது தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை இலேசாக எடுங்கள், லாரி சீக்கிரம் கடந்துவிடும். தடத்துக்குள்ளேயே கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல், இரண்டு கையாலும் நிதானமாகப் பிடித்து, காற்று மறையும்போது கையைத் தளர்த்துங்கள், திருப்பாதீர்கள். பத்து லாரி கடந்தபின் கை தானாகக் கற்றுக்கொள்ளும். பாலத்தடியில் நுழைந்து வெளியே வரும்போதும் இதே கதை, சின்ன அளவில்.

வேகம் 60 முதல் 65. மாநில வேக வரம்பு 80 என்று பலகை சொல்லும், 2015இலிருந்து அப்படித்தான். அது உங்களுக்கானது அல்ல. பின்னால் வருகிறவர் அவசரப்பட்டால் தாண்டிப் போகட்டும், அதற்குத்தான் இரண்டாவது தடம் இருக்கிறது. காற்று பலமாக இருந்தாலோ சாலை நனைந்திருந்தாலோ குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம்.

கிளம்பும் காலை

ஏழரைக்குள் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், ஜூன் ஜூலையில் பிற்பகலுக்கு மேல் இடிமழையும் கட்டும். காலை மூன்று மணி நேரத்தில் கடக்கும் தூரம்தான் அந்த நாளின் சுகமான தூரம்.

நகர்வதற்கு முன் ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் ஒரு சுற்று வாருங்கள். வெளியே: மின் கம்பி கழற்றியாயிற்றா, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், படிக்கட்டு, ஆவ்னிங் (பக்கவாட்டில் விரிக்கும் துணிப் பந்தல்) பூட்டு, டயருக்கு முன் வைத்த கட்டை. உள்ளே: ஸ்லைட்-அவுட் (நிறுத்தியபின் வெளியே நீளும் சுவர்ப் பகுதி), அலமாரித் தாழ்கள், ஃபிரிட்ஜ் கதவு, அடுப்பு, அப்புறம் கூரையில் இருக்கும் காற்றுத் திறப்புகள். இந்தக் கடைசி ஒன்றை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். குளியலறைக் கூரை மூடி ஒரு சாண் திறந்திருந்தது. மிட்செல் தாண்டி எதிர்க்காற்று பிடித்ததும் தலைக்குப் பின்னால் தகரத்தைத் தட்டுவது மாதிரி 'டப் டப் டப்' என்று ஒரு சத்தம். அடுத்த எக்ஸிட்டில் இறங்கிப் பார்த்தபோது ஒரு கீல் உடைந்து, மூடி இன்னொரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் விளிம்பு பல் பல்லாகப் பெயர்ந்திருந்தது. அது நெடுஞ்சாலையில் பறந்து பின்னால் வந்த காரின் கண்ணாடியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றிலிருந்து திறப்புகளைக் கண்ணால் பார்ப்பதோடு விடுவதில்லை, கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வண்டி ஓடும்போது யாரும் நடமாடக் கூடாது, மேல் படுக்கையில் படுக்கக் கூடாது. முன்னோக்கிய, பெல்ட் உள்ள இருக்கையில்தான் குழந்தை இருக்கை பொருத்த வேண்டும். பக்கவாட்டு சோபா அதற்கு ஆகாது. வீடு மாதிரி இருக்கிறது என்பதால் இதில்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறோம்.

வழியில்

வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். நெடுஞ்சாலைப் பாலங்கள் பிரச்சினையில்லை. காபி வாங்கப் போகும் கடையின் கூரை, பழைய பங்க்கின் கூரை, இவைதான் இடிக்கும். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி எட்டுப் பத்தடி நீண்டிருக்கும். வலப்பக்கம் திருப்பினால் வால் இடப்பக்கம் வீசும். பங்க்கில் கம்பத்தை ஒட்டி நிறுத்திவிட்டு உடனே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உரசல் நிச்சயம். முதலில் நேராகப் பத்தடி போங்கள், பிறகு திருப்புங்கள்.

பெட்ரோல் பாதித் தொட்டி ஆனதும் நிரப்பிவிடுங்கள். மிட்செல், சேம்பர்லெயின், மர்டோ, கடோகா, இந்த நாலு ஊரும் போதுமான இடைவெளியில் இருக்கின்றன. கால் தொட்டிக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் நின்றுவிடும், அதன் குழாய் தொட்டியின் அடிவரை போவதில்லை. பெட்ரோல் அடிக்கும் குழாயில் ஆக்டேன் எண் என்ன என்று பார்த்து அடியுங்கள். மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் சில இடங்களில் 85 ஆக்டேன் மலிவாக இருக்கும். வண்டியின் கையேடு 87 கேட்டால் 87தான். இ85 என்பது வேறு சமாச்சாரம், பெரும்பகுதி எத்தனால். விலையைப் பார்த்து அதைத் தொடாதீர்கள்.

மிட்செலில் ஒரு சின்ன நிறுத்தம். 1921இல் கட்டிய மக்காச்சோள மாளிகை அங்கே இருக்கிறது. சுவர் முழுக்கச் சோளக் கதிர்களால் ஓவியம் செய்து, அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஊருக்குள் ஆர்வி ஓட்ட மனமில்லையென்றால் நெடுஞ்சாலை ஓரத்திலேயே காலை நீட்டிக்கொண்டு கிளம்பலாம், பாதகமில்லை.

ஆனால் சேம்பர்லெயினைத் தவறவிடாதீர்கள். 265க்கும் 263க்கும் நடுவில் மிசூரி ஆற்றைப் பார்த்தபடி ஓர் ஓய்விடம், இரு திசை வண்டிகளும் நுழையலாம், ஆர்விக்கும் லாரிக்கும் தனி நிறுத்தம். அங்கே டேல் லாம்ஃபியர் 2016இல் நிறுவிய 'டிக்னிட்டி' சிலை நிற்கிறது. 50 அடி உயரத்தில், லகோட்டா, டகோட்டா மக்களைப் போற்றும் ஒரு பழங்குடிப் பெண். எவர்சில்வர் உடம்பு. தோளுக்குப் பின்னால் அவள் விரித்துப் பிடித்திருக்கும் நட்சத்திரப் போர்வையில் நூற்றுக்கு மேற்பட்ட நீலத் தகடுகள், சாய்சதுர வடிவில். அவை காற்றில் அசையும்படி மாட்டப்பட்டவை. கிட்டே போய் நின்று பாருங்கள். இலேசான காற்றில் ஓரத்துத் தகடுகள் மட்டும் ஒவ்வொன்றாய்த் திரும்பி வெயிலை வீசும். காற்று பலத்தால் போர்வை முழுக்க மீன் செதில் மாதிரி நடுங்கும். அவ்வளவு அழகான இடத்தில் நின்றுகொண்டு காற்றின் கணக்கும் பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் அடுத்து நீங்கள் இறங்கப்போவது ஆற்றுப் பாலம். போர்வை நடுங்கினால் பாலத்தில் 50க்கு இறங்கிவிடுங்கள்.

இங்கேயே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு புளிசாதத்தை முடித்துவிடுங்கள். நிறுத்தும்போது வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். காற்று பின்னாலிருந்து வந்தால், கதவைத் திறந்த நொடியில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கீலையே வளைத்துவிடும். பிள்ளைகளிடம் கதவைத் திறக்கச் சொல்லாதீர்கள்.

ஆற்றைத் தாண்டினால் நிலம் மாறிவிடும். உள்ளூர்க்காரர்கள் ஆற்றுக்குக் கிழக்கு, ஆற்றுக்கு மேற்கு என்று மாநிலத்தையே இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். பனியுகத்துப் பனிப்பாளங்கள் ஏறக்குறைய மிசூரி வரைதான் வந்தன. அவை தேய்த்துச் சமமாக்கிய கிழக்கில் சோளமும் சோயாவும், மேற்கில் அலை அலையாகப் புல்லும் மாடுகளும். ஓட்டுகிறவருக்கு இதில் ஒரு சேதி உண்டு. ஊர்கள் இன்னும் விலகும், மறைப்பு இன்னும் குறையும், கண் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. தூக்கம் வரும் பகுதி இதுதான். இரண்டு பேர் ஓட்டத் தெரிந்தவர்கள் என்றால் சேம்பர்லெயினில் மாறிக்கொள்ளுங்கள். ஒருவர்தான் என்றால் மர்டோவில் கட்டாயம் அரை மணி நேரம் நிறுத்தி, பின் படுக்கையில் படுத்துவிடுங்கள். படுக்கையோடு பயணம் செய்கிறோம், அதைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை.

மர்டோவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நேரம் மாறும். போன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், பொழுது மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். உடம்புக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை. கூடுதல் நேரத்தை வைத்து இன்னும் மேற்கே போய்விடலாம் என்று திட்டத்தை நீட்டாதீர்கள்.

மழை மேகம் கட்டினால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எச்சரிக்கைகளில் பெரும்பாலும் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பெயரைத்தான் சொல்வார்கள். எந்தக் கவுண்டியில் இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் எச்சரிக்கை நமக்கா என்றே தெரியாது. வரிசையாக எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: மின்னஹாஹா, மெக்குக், ஹேன்சன், டேவிசன், ஆரோரா, ப்ரூல், ஆறு தாண்டி லைமன், ஜோன்ஸ், ஜாக்சன். சாலை நிலவரத்துக்கு 511ஐ அழையுங்கள். ஆலங்கட்டிக்குப் பயந்து பாலத்தடியில் நிறுத்தக் கூடாது. பின்னால் வருகிறவர் மோதும் ஆபத்து ஒரு பக்கம், சூறாவளி என்றால் பாலத்தடியில் காற்று இன்னும் வேகமெடுக்கும். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, கட்டடம் உள்ள பங்க்கிலோ கடையிலோ நிறுத்தி உள்ளே போய்விடுங்கள். ஆர்வி காற்றுக்கு அடைக்கலம் தராது.

எக்ஸிட் 131க்குப் பிறகு

தெற்கே 240ஆம் எண் சாலை. வடகிழக்கு வாசல் தாண்டியதும் இடப்பக்கம் பெரிய பேட்லேண்ட்ஸ் பார்வையிடம் வரும். புல்வெளி சட்டென்று அறுந்து, கோடு கோடாய் அரித்த மண் கோபுரங்கள் கீழே விரிவதை நாள் முழுக்க ஓட்டிவந்த கண்ணால் பார்க்க வேண்டும். அங்கிருந்து பார்வையாளர் மையத்துக்கு இறங்கும் சாலையில் வளைவும் சரிவும் உண்டு. டோ-ஹால் பொத்தானை (சரிவில் வண்டியைத் தாழ்ந்த கியரில் வைப்பது) அழுத்தி, கியரைக் குறைத்து, எஞ்சினால் வேகத்தைப் பிடியுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள்.

முகாமில் இந்த வரிசை: மட்டம் பார்த்து நிறுத்துதல், சக்கரத்துக்குக் கட்டை, கம்பத்தில் சுவிட்சை அணைத்துவிட்டு மின் கம்பி செருகிப் பிறகு போடுதல், புரொப்பேன் வால்வு, கடைசியில் ஸ்லைட்-அவுட். ஆவ்னிங்கை வெயிலுக்கு விரித்தாலும் நடக்கப் போகும்போது சுருட்டிவிடுங்கள், இரவிலும் விடாதீர்கள். இலவசம் என்று சேஜ் கிரீக் முகாமைச் சிலர் சொல்வார்கள், 18 அடிக்கு மேற்பட்ட ஆர்விக்கு அங்கே அனுமதி இல்லை. விறகும் வாங்கி வராதீர்கள், இந்தப் பூங்காவில் எங்கேயும் நெருப்பு மூட்டக் கூடாது. காய்ந்த புல்லும் இந்தக் காற்றும் சேர்ந்த இடம். உள்ளே அடுப்பில் ரசம் வைத்துக்கொள்ளலாம், கரி அடுப்பும் முகாமுக்குள் பரவாயில்லை. ஜூன் கடைசியில் சூரியன் மறைய எட்டரை மணி வாக்கில் ஆகும், அதனால் அவசரமில்லை. சாப்பிட்ட பிறகு நாளைய காற்றைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.